இரண்டாவது எடை

ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஏரி உடைத்துக்கொண்டு, ரயில் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, இரண்டு நாள் கும்மிடிப்பூண்டிக்கு வண்டியே வராமல் போனது. அந்த மழையில் எங்கள் தெருவில் ஒரு எருமை மாடு மச்சு வீட்டுப் படியில் ஏறிப்போய் மொட்டை மாடியில் நின்றது. எப்படி ஏறியது என்று யாருக்கும் தெரியாது. இறக்குவதற்கு நாலு பேர் வேண்டியிருந்தது. அந்த மழை விட்டு வந்த தை மாதத்தில்தான் நான் எடைமேடைக்கு வேலைக்குப் போனேன். நான் சொல்லவந்த அந்த அம்மாவை முதலில் பார்த்தது அப்போதுதான். மாட்டை இறக்கியதற்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடைமேடை என்றால் லாரி அப்படியே ஏறி நிற்கிற இரும்புத் தட்டு. தரையோடு தரையாகப் பதித்திருக்கும். தொழிற்பேட்டைக்குள் போகிற ரோட்டில் எங்களுடையது இருந்தது. பக்கத்தில் கண்ணாடி வைத்த சின்ன அறை, அதற்கு மூன்று படி. லாரி காலியாக வந்து ஒரு தடவை நிற்கும். கம்பெனிக்குள் போய் இரும்போ சிமெண்டோ ஏற்றிக்கொண்டு வந்து இன்னொரு தடவை நிற்கும். இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் சரக்கு. அவ்வளவுதான் அந்தத் தொழில். தட்டின்மேல் ஒட்டிய சேற்றைக் கூட்டித் தள்ளுவது, சக்கரம் எல்லாம் தட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்துக் கை காட்டுவது, டிரைவர் இறங்கிவிட்டானா என்று பார்ப்பது, இது என் வேலை. அறைக்குள் உட்கார்ந்து எடைச் சீட்டு போடுவது அந்த அம்மா வேலை.

நாற்பத்தைந்து வயது இருக்கும். பெரிய உடம்பு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தாங்காது என்று இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டு உட்கார்ந்திருப்பார். காலையில் அந்த மூன்று படியை ஏறினால் சாயந்திரம்தான் இறங்குவார். நடுவில் இறங்கக் கூடாது என்பதற்காகத் தண்ணீர் குடிக்கமாட்டார். நிறையச் சாப்பிடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். மத்தியானம் ஒரு சின்ன டப்பா சோறு, அதிலும் பாதியை எனக்குத் தள்ளிவிடுவார். ஆந்திராவிலிருந்து வருகிற டிரைவர்கள் காட்டா அக்கா என்று கூப்பிடுவார்கள். அவர்கள் பக்கம் எடைமேடைக்குக் காட்டா என்று பேர். அந்த அம்மாவின் நிஜப் பேர் எனக்குத் தெரியும். இங்கே வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் கேட்டார்.

"நைனா, வயசு இன்னா?"

"அறுவது இருக்கும்மா."

அதோடு விட்டுவிட்டார். பத்து நாள் கழித்து, டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வேறு எதையோ பேசிக்கொண்டே வந்து, "உனுக்கு இன்னா வயசு ஆவுது நைனா?" என்றார். நான் யோசிக்காமல், "அறுவத்தஞ்சி, அறுவத்தாறு" என்றேன்.

"பத்து நாள்ல அஞ்சி வருசம் ஏறிகிச்சே. யூரியா போடறியா?"

"நெசமா தெரியாதும்மா. பள்ளிக்கூடமே போவல நானு. ஆதார்ல இன்னா போட்டுக்கிறானோ அதான்."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு. ரெண்டு வாட்டியும் தெரியாதுன்னு சொல்லிருந்தா எட சரியா இருந்திருக்கும்."

அந்த அம்மாவின் பழக்கமே அதுதான். யாராக இருந்தாலும் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை கேட்டுவிட்டு மறந்துபோன மாதிரி இருப்பார். நாலு நாளோ பத்து நாளோ போகும். பிறகு திரும்பக் கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் அந்த ஆளை அதற்கப்புறம் எதற்கும் சந்தேகப்படமாட்டார். மாறினால் சண்டையும் போடமாட்டார். சிரித்துவிட்டு அந்த ஆளை மனதிலிருந்து எடுத்துவிடுவார்.

பழைய இரும்பு ஏற்றுகிறவர்களில் சிலபேர் ஒரு வேலை செய்வார்கள். காலி எடைக்கு டிரைவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். லோடு எடைக்கு இறங்கிவிடுவான். ஒரு ஆள் எடைக்குச் சரக்கு குறைவாகக் காட்டும். ஒருநாள் அப்படி ஒருவன் உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா கண்ணாடியைத் தள்ளி, "இறங்கு" என்றார்.

"காலு வலிக்குதுக்கா."

"வலிக்கிற காலுக்கும் எட இருக்குது. இறங்கு."

"ஒரு ஆளு எடல இன்னாக்கா ஆயிடப் போவுது?"

"ஒண்ணும் ஆவாது. சரி, குந்தினே இரு. லோடு ஏத்திகினு வரும்போதும் குந்திகினே வா. ரெண்டு வாட்டியும் ஒரே மாதிரி இரு. நான் கேக்கறது அவ்ளோதான்."

அவன் இறங்கினான். இறங்கும்போது முணுமுணுத்துக்கொண்டே, "நீ ஏறி நின்னா மேட தாங்குமாக்கா?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மா சீட்டை நீட்டி, "அம்பது டன் தாங்கும்பா. நீ உன் மாமியாரயும் கூட்டினு வா" என்றார். அவனே சிரித்துவிட்டான்.

மேடையில் அந்த அம்மா ஏறியது உண்டு. மாதத்துக்கு ஒரு தடவை, சாயந்திரம் லாரி எதுவும் இல்லாத நேரத்தில், படி இறங்கிப் போகும்போது தட்டின் நடுவில் போய் நிற்பார். வெளியே சிவப்பு எழுத்தில் எண் வரும். எனக்கு எழுத்து படிக்க வராது, எண் வரும். மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். லாரிக்குச் செய்தது, மனிதருக்கு இல்லை.

"இன்னா காட்டுது நைனா?"

"நூத்தி முப்பதும்மா."

"மண்ணு கூட்னியா?"

"கூட்டிட்டேன்."

"அப்ப என்து தான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போவார். வீடு எடைமேடைக்குப் பின்னாலிருந்த சந்தில்தான். நான் ஐந்து பீடி குடிக்கிற நேரம் ஆகும் போய்ச் சேர. நான் இப்போது பீடி குடிப்பதில்லை. அது வேறு கதை.

ஒரு சித்திரை மாதம், மத்தியானம், ஏதோ அவசரத்துக்குப் படி இறங்கினவர் திரும்ப ஏறும்போது இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வரவில்லை. உதடு கறுத்துவிட்டது. சீட்டு போட ஆள் இல்லாமல் லாரிகள் மெயின் ரோடு வரைக்கும் நின்று ஹாரன் அடித்தன. டிரைவர்கள் நாலு பேர் வந்து தூக்கிப் பார்த்தார்கள். எனக்கு அந்த எருமை மாடு நினைவுக்கு வந்தது. அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து, தானே ஏறி, வரிசையாக எல்லாருக்கும் சீட்டு போட்டு அனுப்பினார்.

அன்று சாயந்திரம் சொன்னார், "நைனா, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. எட கொறையலன்னா முட்டியும் போவும், மூச்சும் போவும்னு. நடந்து பாத்தேன், பட்டினி கெடந்து பாத்தேன். வயித்த சின்னதாக்குற ஆபரேசன் இருக்குதாம். பண்ணிக்கலாம்னு பாக்கறேன்."

"கத்தி வெக்கறதா?"

"ஆமா. நான் எதுக்கும் ஆசப்படல. இந்த மூணு படிய ஏறி எறங்கணும். அவ்ளோதான்."

அந்த அம்மாவுக்கு ஒரே மகள். செல்போன் கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருவாள். அவளும் சரி என்றாள். அதற்கப்புறம் டாக்டர் தேடுகிற வேலை ஆரம்பித்தது.

திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எடைக் குறைப்பு முகாம் என்று நோட்டீஸ் வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பஸ் மாறிப் போனோம், துணைக்கு நான். முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இல்லை. மேடையில் பூ ஜோடனைகூடப் பிரிக்காமல் இருந்தது. டாக்டர் நன்றாக உடுத்தியிருந்தார். அந்த அம்மா, "இந்த ஆபரேசன் உங்க கையால எத்தினி பண்ணிகீறீங்க சார்?" என்று கேட்டார். "நானூறு" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனோம். அன்று நல்ல கூட்டம். அதே கேள்வி. மைக்கில், "ரெண்டாயிரத்துக்கு மேல" என்றார்.

அந்த அம்மா எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். உட்கார இடம் கிடைத்ததும் சொன்னார், "ஒரு வாரத்துல ஆயிரத்தி அறநூறு வயிறு நைனா. கைய கழுவ நேரம் இருந்திருக்குமா?"

நான் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு டிரைவர்களிடம் கேட்க ஆரம்பித்தார். லாரியைப் பிரித்து மாட்டுகிற மெக்கானிக்கை எப்படி நம்புவீர்கள் என்று. ஒவ்வொருத்தனும் ஒன்று சொன்னான். நெல்லூர்க்காரர் ஒருவர், என் வயசு இருக்கும், அவர் சொன்னது அந்த அம்மாவுக்குப் பிடித்தது. "அக்கா, கியர் பாக்ஸ் பிரிச்சவனே திரும்ப மூடணும். மூடிட்டு வண்டி பத்து கிலோமீட்டர் ஓடற வரைக்கும் அவன் ஊர்லயே இருக்கணும். பிரிச்சவன் ஒருத்தன், பாக்கறவன் ஒருத்தன்னா நீ ரோட்டுலதான் நிப்ப" என்றார். தெலுங்கு கலந்து சொன்னார், நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

இப்படிச் சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் நாலு கேள்வி வைத்துக்கொண்டார். விரல் மடக்கி எனக்கும் சொல்லிக்கொடுத்தார். இந்த ஆபரேஷன் உங்கள் கையால் எத்தனை செய்திருக்கிறீர்கள். அதில் கெட்டுப்போனது எத்தனை. கெட்டபோது என்ன செய்தீர்கள். நான் வீட்டுக்குப் போனபிறகு காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்.

லோடு ஏற்றுகிற ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவரின் சம்சாரத்துக்குச் சென்னையில் ஒரு டாக்டர் இதே ஆபரேஷனைச் செய்திருந்தார். அந்தப் பெண் எடைமேடைக்கே வந்து, மூன்று படியையும் ஏறிக் காட்டினாள். அந்த டாக்டரைப் பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை எலக்ட்ரிக் ட்ரெயினில் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். மேசைமேல் இருந்த போனைத் திருப்பி வைத்துவிட்டுப் பேசினார். அது அந்த அம்மாவுக்குப் பிடித்தது என்று எனக்குத் தெரிந்தது.

"எத்தினி பண்ணிகீறீங்க சார்?"

"முந்நூத்திச் சொச்சம்மா. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"கெட்டுப்போனது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சில பேருக்குத் தையல் கசிஞ்சிருக்கு. ஒருத்தர் தவறிட்டார்."

"கசிஞ்சா இன்னா பண்ணீங்க?"

"திரும்ப உள்ள போய்த் தைச்சேன். சீக்கிரம் தெரிஞ்சா காப்பாத்திடலாம். லேட்டானா கஷ்டம்."

"ஊட்டுக்கு வந்தப்புறம் காய்ச்சல் வந்தா யாரு சார் பாப்பாங்க?"

"நான்தான்மா பார்ப்பேன். என் நம்பர் தரேன்."

அந்த அம்மா ட்ரெயினில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தார். அவ்வளவு லேசான முகத்தோடு நான் பார்த்ததில்லை. "செத்தது ஒண்ணுன்னு அவுரே சொன்னாரு பாத்தியா நைனா. பொய் சொல்றவன் அத்த சொல்லமாட்டான்" என்றார். பொன்னேரி தாண்டியதும், "இது காலி எட. இன்னும் ஒண்ணு பாக்கி" என்றார்.

பதினெட்டு நாள் கழித்து ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்றைக்குத்தான் இரண்டாவது தடவை கேட்பதாக இருந்தது. அந்த வாரம் முட்டி வீங்கிவிட்டது. பாத்ரூமுக்கே பிடித்துக்கொண்டுதான் போனார். மகளுக்கு லீவு இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

"ரிப்போர்ட்ட குடு. குடுத்துட்டு அதே நாலு கேள்விய கேளு. அதே வரிசைல. எதுவும் சேக்காத, எதுவும் உடாத. அவுரு சொல்றத அப்டியே வந்து சொல்லு."

"டாக்டர நான் கேக்கறதாம்மா?"

"நீதான் கேக்கணும். லாரிக்காரன் கிட்ட இறங்குன்னு சொல்றல்ல? அப்டி."

செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். விரலை மடக்கி மடக்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தரை துடைக்கிற ஒரு அம்மா காலைத் தூக்கச் சொன்னாள்.

"யாருக்கு பெருசு காத்துகினுகீற?"

டாக்டர் பெயரைச் சொன்னேன்.

"இப்பதான் ஏர்போர்ட்லேர்ந்து வந்துகினு இருப்பாரு. செவ்வாயி, வெள்ளி ரெண்டு நாள்தான் இங்க. மத்த நாள் வேற ஊர்ல ஆஸ்பத்திரி."

"மத்த நாள்ல ஒடம்பு சரியில்லன்னா?"

"சின்ன டாக்டருங்க இருக்காங்க. பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் காலைத் தூக்கச் சொல்லிப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்கள். டாக்டர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "அம்மா வரலையா? கால் வலியா?" என்று கேட்டார். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, தேதி குறிக்கலாம் என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, "ஐயா, சாப்பிட்டீங்களா? கீழ கேன்டீன் இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

நான் சின்ன வயசிலிருந்து பிறர் நிலத்தில் வேலை செய்தவன். ஆரம்பாக்கம் பக்கம் நாற்று நட்டது, அறுத்தது, கட்டு சுமந்தது எல்லாம். நிலத்துக்காரர் எதிரில் வந்தால் வரப்பை விட்டுக் கீழே இறங்கி நிற்போம். அவர் கேட்பார், நாங்கள் பதில் சொல்வோம். நாங்கள் கேட்டு அவர் பதில் சொன்னதில்லை. அதற்குப் பிறகு கம்பெனிகளில் மூட்டை தூக்கியபோதும் அப்படித்தான். படித்த ஒரு மனிதர், அவ்வளவு பெரிய டாக்டர், என் தோளில் கை வைத்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். அவரைப் பார்த்து உங்கள் கையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எப்படிக் கேட்பது? விரலை மடக்கினேன். வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். கேன்டீனில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். இட்லி நன்றாக இருந்தது.

ட்ரெயினில் வரும்போது என்ன சொல்வது என்று யோசித்தேன். கேட்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால் அந்த அம்மா வீங்கின காலோடு தானே கிளம்புவார். இல்லையென்றால் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்த ஆட்களைப்போல என்னையும் மனதிலிருந்து எடுத்துவிடுவார். இரண்டில் எதற்குப் பயந்தேன் என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சொன்னாரு?"

முதல் தடவை டாக்டர் சொன்னதையே அப்படியே சொன்னேன். முந்நூத்திச் சொச்சம். சில பேருக்குக் கசிந்தது, ஒருத்தர் தவறிவிட்டார். திரும்ப உள்ளே போய்த் தைத்தேன். காய்ச்சல் வந்தால் நான்தான் பார்ப்பேன். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் காதில் விழுந்தது போகாது. கண்ணாடியைக் கழற்றினாரா என்று கேட்டார். கழற்றினார் என்றேன்.

தரை துடைக்கிறவள் சொன்னதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால், அதை ஏன் டாக்டரிடம் கேட்கவில்லை என்று வரும்.

ஒரு வாரம் போயிருக்கும். தட்டில் சேறு கூட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் தள்ளி, "நைனா, அன்னிக்கி டாக்டரு நாலாவது கேள்விக்கு இன்னா சொன்னாரு?" என்றார்.

"நான்தான் பாப்பேன், நம்பர் தரேன்னாரும்மா."

தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியை மூடிக்கொண்டார். என்னையும் இரண்டு தடவை எடை போட்டுவிட்டார். எடை சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு சந்தேகமே இல்லை. தேதி குறித்தாகிவிட்டது. கிளம்புகிறதற்கு முதல் நாள் சாயந்திரம் மேடையில் ஏறி நின்றார். நூற்று முப்பது. "திரும்பி வரும்போது இன்னா காட்டுதுன்னு பாப்போம்" என்றார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது என்று மகள் போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் போய்ப் பார்த்தேன். ஸ்பூனில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "பொறவு பேசறேன் நைனா" என்றார்.

அன்று இரவே காய்ச்சல். திங்கட்கிழமை காலையில் டாக்டர் கொடுத்த நம்பருக்கு மகள் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். டாக்டர் ஊரில் இல்லை, நாளைக்கு வருவார், இங்கே கொண்டுவாருங்கள் என்றார்கள். வண்டி வைத்துக் கொண்டுபோனோம். சின்ன டாக்டர் ஒருவர், இருபத்தேழு இருபத்தெட்டு வயசு, வயிற்றை அமுக்கிப் பார்த்து வாயு என்றார். ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "டாக்டரு எப்ப வருவாரு நைனா?" என்றார். "நாளைக்கும்மா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்டார். அதே பதிலைச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். பார்த்த உடனே ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார். தையல் கசிந்திருந்தது. திரும்ப உள்ளே போய்த் தைத்தார். சொன்னபடிதான் செய்தார். ஒன்பது நாள் இருந்தது அந்த உயிர்.

அந்த டாக்டர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் கை நல்ல கையாகவே இருக்கலாம். திங்கட்கிழமையே அவர் இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று யாராவது சொன்னால், இல்லை என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. நான் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? நான்தான் பார்ப்பேன் என்றே திரும்பச் சொல்லியிருக்கலாம். செவ்வாய், வெள்ளி மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். அது யாருக்கும் தெரியாது. கேட்கவே இல்லை.

வண்டியில் கொண்டுவந்தார்கள். அந்தச் சந்துக்குள் போக எடைமேடை வழியாகத்தான் திரும்ப வேண்டும். நான் முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தேன். பழக்கத்தில் கை காட்டிவிட்டேன், வா, வா, ரைட்டு என்று. வண்டி தட்டின்மேல் ஏறி, திரும்புவதற்காக ஒரு நிமிஷம் நின்றது. சிவப்பில் எண் வந்தது. வீட்டில் இறக்கிவிட்டு அரை மணியில் அதே வண்டி திரும்பி வந்தது. மறுபடியும் தட்டில் நின்றது. மறுபடியும் எண் வந்தது. இரண்டும் எனக்கு நினைவிருக்கிறது. கழிக்கவும் தெரியும். கழிக்கவில்லை. மகளும் உறவுக்காரர் மூன்று பேரும் வண்டிக்குள் உட்கார்ந்து வந்தார்கள், அதனால் கழித்தாலும் அது சரியான எடை ஆகாது. அந்த அம்மாவாக இருந்தால் முதலில் எல்லாரையும் இறங்கச் சொல்லியிருப்பார்.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"எங்கம்மா ரெண்டு வாட்டி கேட்டுத்தான போச்சி நைனா. அதுக்கு மேல மனுசன் இன்னா பண்ண முடியும்?"

"ஆமாம்மா" என்றேன்.

"உன்ன நம்பித்தான் அனுப்பிச்சி. நீயும் ஒழுங்கா போய் கேட்டுகினு வந்த. உன் மேல அதுக்கு அவ்ளோ இது."

அதற்கும் ஆமாம் என்றேன். குழாயை மூடிவிட்டு வந்தேன்.

அந்த மாதத்தோடு எடைமேடை வேலையை விட்டுவிட்டேன். இப்போது அங்கே ஒரு பையன் சீட்டு போடுகிறானாம். டிரைவர் இறங்குகிறானா என்று யாரும் பார்ப்பதில்லையாம். மகள் கம்பெனி மாறி வேறு ஊர்ப் பக்கம் போய்விட்டாள். எந்த ஊர் என்று சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. காதில் விழுந்தது போகாது என்று மேலே சொன்னேன், இது ஒன்றுதான் விழாமல் போனது.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இந்த ஆபரேஷனுக்கு டாக்டர் தேடிக்கொண்டிருந்தால் அந்த நாலு கேள்வியைச் சொல்லுங்கள். தானே போய்க் கேட்கச் சொல்லுங்கள், இரண்டு தடவை. முட்டி வீங்கியிருந்தால் வீக்கம் வடிந்தபிறகு போகட்டும். நாலாவதை மட்டும் தரை துடைக்கிறவர்களிடமும் கேட்கச் சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை நாள் அவர் இங்கே இருக்கிறார் என்று. ஆள் அனுப்ப வேண்டாம்.

அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பெண், செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறவள், எங்கம்மா இரண்டு தடவை கேட்டுத்தான் போனார்கள் என்று எங்காவது பேச்சில் சொன்னால், அவளிடமும் சொல்லிவிடுங்கள். ஒரு தடவைதான். இரண்டாவது எடை போடவே இல்லை. எடைமேடையில் சேறு கூட்டின கிழவன் சொன்னான் என்று சொல்லுங்கள். அவள் திரும்ப ஒரு தடவை கேட்டாலும் இதையே சொல்லுங்கள்.